ஏற்றிய சாயம், இறக்கிய சாயம்

புனேயில் எந்தத் திசு ஆய்வகத்துக்குப் போனாலும் தொட்டியின் மேல் ஒரு குழாய் சன்னமாக ஓடிக்கொண்டிருக்கும். ஹெமடாக்ஸிலின் சாயத்திலிருந்து எடுத்த ஸ்லைடுகள் அதன் கீழே வரிசையாக நிற்கும். எடுத்தவுடன் திசு செவ்வூதா நிறத்தில்தான் தெரியும். தண்ணீரில் உள்ள லேசான காரம் பட்டுப்பட்டு, சில நிமிடங்களில் அது நீலமாகும். எங்கள் தொழிலில் இதற்கு ப்ளூயிங் என்று பெயர். அந்தத் தண்ணீர் கடக்வாஸ்லா அணையில் பிறந்து, பர்வதி சுத்திகரிப்பு நிலையம் வழியாக நகரத்துக்கு வருவது. மழைக்காலத்தில் தண்ணீர் மாறும் நாட்களில் நீலம் சரியாக ஏறாது. அப்போது சோடியம் பைகார்பனேட்டும் மெக்னீசியம் சல்ஃபேட்டும் கரைத்த ஸ்காட் கரைசலை எடுத்து வைத்துக்கொள்வோம். ஆய்வகத்தில் இப்படி அணைத் தண்ணீரோடு பழகிய நான், மாலையில் திரும்பியதும் அதே அணையின் கரைக்குத்தான். என் கணவர் இங்குள்ள மத்திய நீர், மின் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தார். பணி ஓய்வுக்குப் பிறகும் கடக்வாஸ்லாவை விட்டுப் போக எங்களுக்கு மனம் வரவில்லை.

முத்தா ஆற்றின் குறுக்கே இந்தக் கல்லணையைக் கட்டத் தொடங்கியது 1869-ல். கட்டி முடிக்க ஏறக்குறைய பத்து ஆண்டுகள் ஆயிற்று. திட்டம் போட்ட ராணுவப் பொறியாளர் ஃபைஃப் என்பவரின் பெயரையே ஏரிக்கு வைத்து, நெடுநாள் லேக் ஃபைஃப் என்று அழைத்தார்கள். 1961 ஜூலை 12 அன்று மேலே கட்டிக்கொண்டிருந்த பான்ஷேத் அணை உடைந்து, அந்த வெள்ளம் இதையும் உடைத்துக்கொண்டு புனேக்குள் புகுந்தது. இன்றைக்கும் பழைய பேட்டைகளில் வயதானவர்கள் வெள்ளத்துக்கு முன், வெள்ளத்துக்குப் பின் என்றுதான் காலத்தைக் கணக்கிடுகிறார்கள்.

கல் மேல் கல்லாக இந்த அணை ஏறிக்கொண்டிருந்த அந்தப் பத்து ஆண்டுகளை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். 1871-ல் பாரிசில் ரான்வியே நரம்பின் கணுக்களைக் கண்டார். 1873-ல் இத்தாலியில் கோல்ஜி வெள்ளி உப்பால் நரம்புச் செல்லை முழுசாகக் கறுப்பாக்கிக் காட்டினார். அதே 1873-ல் நார்வேயின் பெர்கன் நகரில் ஹான்சன் தொழுநோய்க் கிருமியைப் பார்த்தார். 1876-ல் லைப்சிக்கில் ஃப்ளெக்சிக் சிசு மூளையைப் பற்றிய பெரிய புத்தகத்தை வெளியிட்டார். நரம்பைப் பற்றியும் அதைச் சுற்றியுள்ள உறையைப் பற்றியும் இன்று நமக்குத் தெரிந்த எத்தனையோ விஷயம் அந்தப் பத்தாண்டில் கண்ணுக்குத் தெரிய வந்தது. தெரிய வைத்தது சாயம். உறையின் வரலாற்றைச் சாயம் போடுகிறவர்களின் தொழில் வரலாறாகத்தான் என்னால் பார்க்க முடிகிறது.

நரம்பு என்று நாம் சொல்வது ஆயிரக்கணக்கான மெல்லிய இழைகளின் கட்டு. பல இழைகளைச் சுற்றிக் கொழுப்பு மிகுந்த ஓர் உறை இருக்கிறது. அதன் பெயர் மயலின். உலர்ந்த எடையில் முக்கால் பங்குபோலக் கொழுப்பு. மூளைக்குள் வெள்ளையாகத் தெரியும் பகுதி வெள்ளையாக இருப்பது இதனால்தான். உறை போட்ட தடித்த இழையில் சைகை வினாடிக்கு நூறு மீட்டர் வரை ஓடும். உறையில்லாத மெல்லிய இழையில் வினாடிக்கு ஒரு மீட்டர் அளவுக்குத்தான். இந்த உறையைச் செய்கிறவை கிளியா என்ற வகைச் செல்கள். கைகால் நரம்புகளில் அந்த வேலை ஷ்வான் செல்லுடையது. மூளையிலும் தண்டுவடத்திலும் ஆலிகோடெண்ட்ரோசைட் என்ற செல்லுடையது.

எங்கள் வழக்கமான ஹெமடாக்ஸிலின், ஈயோசின் ஸ்லைடில் இந்த உறை தெரியாது. திசுவை மெழுகில் ஏற்றுவதற்கு முன் ஆல்கஹாலிலும் சைலீனிலும் போடுகிறோம். கொழுப்பில் பெரும்பகுதி அதிலேயே கரைந்து போய்விடும். மிச்சம் இருப்பது நடுவே ஒரு புள்ளியும் அதைச் சுற்றிக் காலியான ஒரு வளையமும். புள்ளி நரம்பிழை. காலியாகத் தெரிவதுதான் உறை இருந்த இடம். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் அந்த வளையத்தைக் கவனிக்காமல் தாண்டிப் போவார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரிய பெரிய அறிஞர்களுக்கும் கிட்டத்தட்ட அந்த நிலைமைதான். 1830-களில் ரெமாக் உறை உள்ள இழை, இல்லாத இழை என்று பிரித்துச் சொல்லிவிட்டார். 1839-ல் ஷ்வான், இழையை ஒட்டி வரிசையாக நிற்கும் செல்களை விவரித்தார். மயலின் என்ற பெயரை 1854-ல் வைத்தவர் ஜெர்மனியின் பிர்ஷோ. மூளையில் நரம்புச் செல்களுக்கு நடுவே உள்ளதைப் பிடித்து வைக்கும் பசை என்று எண்ணி, கிளியா என்ற பெயரைக் கொடுத்தவரும் அவரே. ஆனால் பசைக்குள் என்னென்ன செல்கள் இருக்கின்றன, உறையை யார் செய்கிறார்கள் என்பதைக் காட்ட அன்றைக்கு ஒரு சாயமும் இல்லை.

முதலில் கை கொடுத்தது ஆஸ்மிக் அமிலம். 1860-களின் நடுவில் மாக்ஸ் ஷுல்ட்சே அதைத் திசுவுக்குப் பயன்படுத்தத் தொடங்கினார். கொழுப்பைத் தொட்டதும் கறுக்கும் மருந்து அது. குப்பியைத் திறந்தால் கண் எரியும், மூச்சு அடைக்கும். புகைப்போக்கி வைத்த பெட்டிக்குள் கையை மட்டும் விட்டுத்தான் நாங்கள் அதைத் தொடுவோம். கண் மணியையே கறுப்பாக்கிவிடும் என்று பழையவர்கள் எச்சரிப்பார்கள். ரான்வியே அந்த மருந்தில் நரம்பை ஊற வைத்து, ஊசி முனையால் இழை இழையாகப் பிரித்துப் பார்த்தார். கறுத்த உறை ஒரே நீளமாக ஓடவில்லை. சீரான தூரத்தில் அறுந்து அறுந்து, மறுபடி தொடங்கியது. வெள்ளி நைட்ரேட் போட்டால் அந்த இடைவெளியில் சின்னச் சிலுவைக் குறி ஒன்று கறுப்பாக விழுந்தது. கணுவுக்கும் கணுவுக்கும் நடுவே ஒரே ஓர் உட்கரு இருப்பதையும் அவர் எழுதி வைத்தார். ஒரு துண்டு உறைக்கு ஒரு செல் பொறுப்பு என்பது அந்த ஒற்றை உட்கருவிலேயே அடங்கியிருக்கிறது. சைகை கணுவிலிருந்து கணுவுக்குத் தாவித் தாவிப் போகிறது என்பது நிரூபணமாக ஜப்பானின் தசாகி 1939-லும், ஹக்ஸ்லியும் ஷ்டெம்ப்ஃப்லியும் 1949-லும் செய்த சோதனைகள் வேண்டியிருந்தன.

ரான்வியேயின் அந்த ஊசி வேலை இன்றும் நடக்கிறது. ஆஸ்மியத்தில் கறுத்த ஒரு சிறு நரம்புத் துண்டைக் கிளிசரினில் போட்டு, உருப்பெருக்கியின் கீழ் இரண்டு ஊசிகளால் முடியிழை மாதிரியான ஒற்றை இழையை உரித்தெடுக்க வேண்டும். மூச்சு விடுவதில்கூடக் கவனம் வேண்டும். இழை அறுந்தால் அந்த இழை போயிற்று. எனக்குப் பிடித்த வேலைகளில் இது ஒன்று.

அடுத்து வந்தவர் கார்ல் வைகர்ட். எங்கள் தொழிலுக்குக் கோயில் கட்டினால் மூலவராக வைக்க வேண்டியவர் என்று நான் நினைக்கிறேன். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற பால் எர்லிக்கின் உறவினர். சாயத்தில் எர்லிக்குக்கு ஆர்வம் வந்ததே இவரிடமிருந்துதான் என்பார்கள். வைகர்ட் 1884-ல் மயலினுக்கென்று ஒரு ஹெமடாக்ஸிலின் முறையை வெளியிட்டார். ஹெமடாக்ஸிலின் மெக்சிகோவின் கம்பேச்சே பக்கத்து மரம் ஒன்றின் நடுக்கட்டையில் இருந்து எடுப்பது. துணிக்குச் சாயம் போட ஐரோப்பாவுக்குக் கப்பல் கப்பலாகப் போன மரம். துணியில் சாயம் பிடிக்கச் சாயக்காரர்கள் உலோக உப்பைப் பயன்படுத்துவது போலவே வைகர்ட்டும் செய்தார். மூளைத் துண்டைப் பொட்டாசியம் டைக்ரோமேட்டில் வாரக்கணக்கில் ஊற வைத்தார். குரோமியம் உறையின் கொழுப்போடு பிணைந்து, அதைக் கரையவிடாமல் காத்தது. அந்தக் குரோமியத்தைப் பற்றிக்கொண்டு ஹெமடாக்ஸிலின் ஏறியது. முதலில் எல்லாமே கறுத்துவிடும். பிறகு போராக்சும் பொட்டாசியம் ஃபெரிசயனைடும் கலந்த கரைசலில் போட்டு, மெதுவாகச் சாயத்தை இறக்குவார். மற்ற திசு வெளிறிப் பழுப்பு மஞ்சளாகும். மயலின் மட்டும் கருநீலமாக நிற்கும்.

இறக்குவது என்றேனே, அதுதான் எங்கள் தொழிலின் உயிர். வேலூர்ப் பக்கம் நான் பயிற்சி எடுத்தபோது ஒரு பெரியவர் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார். ஒருநாள் நான் ஸ்லைடைச் சாயத்தில் இன்னும் கொஞ்ச நேரம் வைக்கலாமா என்று கேட்டேன். "சாயத்த ஏத்துறது யாரு வேணாலும் ஏத்தலாம்மா. எங்க நிறுத்தி எறக்குறதுன்றதுலதான் இருக்கு கைவேலை. ஒரு கண்ணு கடிகாரத்துல இருக்கட்டும், ஒரு கண்ணு ஸ்லைடுல இருக்கட்டும்" என்றார். வைகர்ட் செய்ததும் அதையேதான். அளவுக்கு மேல் ஏற்று, பிறகு வேண்டியதை விட்டுவிட்டு மற்றதைக் கழுவு. அவருக்குப் பின் 1886-ல் வியன்னாவில் பால் என்பவரும், அதற்கும் பிறகு ரஷ்யாவின் குல்ச்சிட்ஸ்கியும் இந்த இறக்கும் படியைத்தான் திருத்தினார்கள்.

1876-லேயே சிசு மூளையைப் பற்றி எழுதியிருந்த ஃப்ளெக்சிக் கையில் இந்த வித்தை போய்ச் சேர்ந்தபோது, உறை எப்படி வளர்கிறது என்பது தெளிவாகப் படமாகத் தெரிந்தது. மாதம் நிறையாமல் இறந்த சிசு, பிறந்ததும் இறந்த சிசு, சில வாரம், சில மாதம் வாழ்ந்த குழந்தை என்று வயது வாரியாக மூளைகளை வரிசைப்படுத்திப் பார்த்தார். பிறந்த குழந்தையின் மூளைப் புறணியின் பெரும்பகுதியில் உறையே இல்லை. தொடு உணர்வு, பார்வை, கேள்வி, கைகால் அசைவு ஆகியவற்றுக்கான இடங்களில் முதலில் கருநீலம் படர்கிறது. சிந்தனைக்கும் மொழிக்கும் பொறுப்பான இடங்களில் கடைசியில். ஒவ்வொரு பாதைக்கும் உறை போடும் முறை வருவதற்கு ஒரு நேரம் இருக்கிறது, அந்த வரிசை எல்லாக் குழந்தைக்கும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று அவர் நிறுவினார். மூளையிலிருந்து கைகாலுக்கு இறங்கும் பாதையில் இந்த வேலை ஏறக்குறைய இரண்டு வயதுவரை தொடர்கிறது. நெற்றிப் பக்க மூளையில் வாலிபம் தாண்டியும் நடக்கிறது என்று 1967-ல் யாகோவ்லெவும் லெகூரும் காட்டினார்கள். குழந்தைக்குக் கழுத்து நிற்கவில்லை, இன்னும் குப்புற விழவில்லை என்று பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிட்டு நம் வீட்டுப் பெண்கள் கவலைப்படும்போதெல்லாம் எனக்கு ஃப்ளெக்சிக்கின் அந்த ஸ்லைடு வரிசைதான் நினைவுக்கு வரும். அந்த வரிசைக்கு ஆன விலையும் சேர்ந்தே நினைவுக்கு வரும். ஒவ்வொரு ஸ்லைடும் ஒரு வீட்டில் நடந்த சாவு.

உறையைப் பார்த்தாயிற்று. மூளைக்குள் அதை நெய்கிற செல்? வைகர்ட் தன் பிற்காலத்தின் பல ஆண்டுகளைக் கிளியாவுக்குச் சாயம் தேடுவதிலேயே செலவிட்டு, 1895-ல் ஒரு முறையை வெளியிட்டார். அது எளிதில் மற்றவர் கையில் படியவில்லை. ஸ்பெயினின் கஹால் 1913-ல் தங்கக் குளோரைடைக் கொண்டு நட்சத்திர வடிவ ஆஸ்ட்ரோசைட்டுகளை அழகாகக் காட்டினார். ஆனால் அவர் ஸ்லைடுகளில் கிளைகளே இல்லாமல் மொட்டையாக நின்ற சிறு செல்கள் மிச்சமிருந்தன. அவற்றை மூன்றாவது வகை என்று சொல்லி ஒதுக்கி வைத்தார்.

அந்த மொட்டைச் செல்களுக்குக் கிளை உண்டு, சாயம்தான் கிளைக்குள் போகவில்லை என்று காட்டியவர் பியோ டெல் ரியோ ஓர்ட்டேகா. 1882-ல் வல்லதோலித் அருகே பிறந்தவர். மாட்ரிட்டில் அச்சூக்காரோ என்பவரிடம் வெள்ளிச் சாயம் கற்றார். அச்சூக்காரோ இளவயதில் இறந்த 1918-ல், ஓர்ட்டேகா அம்மோனியா கலந்த வெள்ளி கார்பனேட் முறையைக் கண்டுபிடித்தார். வெள்ளி உப்பு இம்முறையில் அந்தச் செல்களின் கிளை நுனிவரை போய்க் கறுத்தது. கஹாலின் மூன்றாவது வகை உண்மையில் இரண்டு வெவ்வேறு இனம் என்று தெரிந்தது. 1919-ல் மைக்ரோகிளியாவைப் பிரித்தார். 1921-ல், குறைந்த கிளைகளோடு நரம்பிழைகளை ஒட்டி வரிசையாக நிற்கும் ஆலிகோடெண்ட்ரோகிளியாவைப் பிரித்தார். கைகால் நரம்பில் ஷ்வான் செல் செய்வதை மூளைக்குள் இவைதான் செய்கின்றன என்று எழுதவும் செய்தார். இதற்கு நடுவே 1920-ல் ஆய்வகப் பூசலில் கஹாலின் இடத்தை விட்டு வெளியேற வேண்டி வந்தது. கஹாலே ஆலிகோடெண்ட்ரோகிளியாவை எளிதில் ஏற்கவில்லை. காரணம் வெறும் பகையல்ல. கஹாலின் கையில் அந்தச் சாயம் அப்படி வரவில்லை. வெள்ளிச் சாயம் போட்ட எவருக்கும் இது புரியும். பாத்திரத்தில் ஒரு துளி உப்பு ஒட்டியிருந்தாலே வெள்ளி திரிந்து அழுக்காகப் படிந்துவிடும். காய்ச்சி வடித்த தண்ணீர், அமிலத்தில் கழுவிய கண்ணாடி, அம்மோனியாவைத் துளித்துளியாக விட்டு வீழ்படிவு கரையும் அந்தத் துளியில் நிறுத்துவது, இவ்வளவும் சேர வேண்டும். 1924-ல் வைல்டர் பென்ஃபீல்ட் என்ற இளம் அமெரிக்க அறுவை மருத்துவர் மாட்ரிட்டுக்கே போய், ஓர்ட்டேகாவின் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டு வந்து, அவர் சொன்னது சரி என்று எழுதினார். கற்பதற்குக் கடல் கடந்து போகத்தான் வேண்டியிருந்தது. கைவேலையைக் கட்டுரையில் முழுசாக எழுதிவிட முடியாது. ஸ்பெயினின் உள்நாட்டுப் போரின்போது நாட்டை விட்டுப் போன ஓர்ட்டேகா பிறகு திரும்பவில்லை. 1945-ல் புவெனஸ் ஐரிசில் இறந்தார்.

என் காலத்தில் நாங்கள் தினப்படி பயன்படுத்தியது லக்சால் ஃபாஸ்ட் ப்ளூ. 1953-ல் ஹைன்ரிஷ் க்ளூவரும் எலிசபெத் பரேராவும் சிகாகோவிலிருந்து வெளியிட்ட முறை. செம்பு கலந்த நீலச் சாயம். இதற்கு டைக்ரோமேட்டில் வாரக்கணக்கில் ஊற வேண்டியதில்லை. சாதாரண ஃபார்மலினில் இருந்து மெழுகுக் கட்டிக்கு வந்த திசுவே போதும். மெழுகு ஏறிய பிறகும் உறையில் புரதத்தோடு ஒட்டி மிஞ்சியிருக்கும் கொழுப்பை அது பற்றிக்கொள்ளும். வழக்கமான வெட்டைவிடக் கொஞ்சம் தடிமனாக, பத்துப் பதினைந்து மைக்ரானில் வெட்டுவோம். சாயத்தை ஆல்கஹாலில் கரைத்து, கொஞ்சம் அசிட்டிக் அமிலம் விட்டு, மூடியைச் சுற்றி இறுக்கி, அறுபது டிகிரி அடுப்பில் இரவு முழுக்க வைப்போம். காலையில் எடுக்கும்போது ஸ்லைடு முழுக்க ஒரே நீலம், சாம்பலும் வெள்ளையும் பிரியாது.

இனி இறக்க வேண்டும். லித்தியம் கார்பனேட்டை மிக மெல்லிய கரைசலாக்கி, அதில் ஸ்லைடைச் சில வினாடி முக்கி எடுப்போம். உடனே எழுபது சதவீத ஆல்கஹால். பிறகு காய்ச்சி வடித்த தண்ணீர். தூக்கி வெளிச்சத்தில் பார்ப்போம். மறுபடி கார்பனேட், மறுபடி ஆல்கஹால். முதலில் ஓரத்தில் நீலம் தளரும். பிறகு நரம்புச் செல்கள் இருக்கும் சாம்பல் பகுதி வெளிறத் தொடங்கும். தண்டுவடத்தின் குறுக்குவெட்டாக இருந்தால், நடுவே பட்டாம்பூச்சி வடிவம் நிறமின்றித் தெரியும். சுற்றிலும் வெண்பகுதி அடர்ந்த நீலமாக நிற்கும். அந்த எல்லை கத்தியால் கீறியதுபோலத் தெளிவாகும்போது நிறுத்திவிட வேண்டும். இன்னொரு முக்கு முக்கினால் உறையின் நீலமும் இறங்கத் தொடங்கும். அப்புறம் நோயால் வெளிறியதா, கையால் வெளிறியதா என்று யாராலும் சொல்ல முடியாது. மல்டிபிள் ஸ்கிலரோசிஸ் நோயாளியின் மூளையில் உறை அழிந்த திட்டுகள் இதே நீலத்துக்கு நடுவே வெள்ளையாகத் தெரியும். ஆகவே மருத்துவர் ஸ்லைடைப் பார்த்து எழுதும் ஒவ்வொரு வரியிலும் டெக்னீஷியன் நிறுத்திய அந்த நொடி இருக்கிறது. அறிக்கையில் கையெழுத்து மருத்துவருடையது மட்டும்தான். அதில் எனக்கு வருத்தம் உண்டு, சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எலக்ட்ரான் நுண்ணோக்கி வந்த பிறகு கேள்விகள் வேகமாக அவிழ்ந்தன. 1954-ல் பெட்டி கெரன், கோழிக் குஞ்சுக் கருவின் நரம்பை வெவ்வேறு நாட்களில் எடுத்துப் பார்த்து, ஷ்வான் செல்லின் மேற்படலமே இழையைச் சுற்றிச் சுருளாக ஓடி உறையாகிறது என்று காட்டினார். குச்சியை நடுவில் வைத்துச் சுருட்டிய கோரைப்பாயைக் குறுக்கே அறுத்ததுபோல இருக்கும் அந்தப் படம். 1960-களின் தொடக்கத்தில் மேரி பங்கே, ரிச்சர்ட் பங்கே இருவரும் தங்கள் கூட்டாளிகளோடு பூனையின் தண்டுவடத்தைப் பார்த்து, அங்கே அந்த வேலை ஆலிகோடெண்ட்ரோசைட்டுடையது என்பதை உறுதி செய்தார்கள். வெள்ளிச் சாயத்தை மட்டும் நம்பி ஓர்ட்டேகா சொன்னது நாற்பது ஆண்டுக்குப் பின் சரியாயிற்று. ஷ்வான் செல் ஒரே ஒரு துண்டு உறையைத்தான் செய்யும். ஆலிகோடெண்ட்ரோசைட் கைகளை நீட்டி, நாற்பது ஐம்பது துண்டுகள்வரை ஒரே நேரத்தில் செய்யும். ஷ்வான் செல்கள் கருவின் நரம்பு முகட்டில் தோன்றி, வளரும் இழைகளின் மேலேயே ஊர்ந்து கைகாலுக்குப் போகின்றன. ஆலிகோடெண்ட்ரோசைட்டின் மூதாதைச் செல்கள் தண்டுவடக் குழாயின் அடிப்பக்கத்தில் தோன்றி, மேலும் கீழும் பரவி, இடம் பிடித்த பிறகே உறை போடும். எத்தனை சுற்று போட வேண்டும் என்பதைக் கைகால் நரம்பில் இழையே நியூரெகுலின் என்ற புரதத்தின் வழியாகச் சொல்கிறது. தடித்த இழைக்கு அதிகச் சுற்று.

ஷ்வான் செல்லைப் பொறுத்தவரை நம் நாட்டுக்கு ஒரு தனிக் கதை இருக்கிறது. தொழுநோய்க் கிருமி மனித உடம்பில் தேடிப் போய்க் குடியிருப்பது இந்தச் செல்லுக்குள். நான் பிறந்த காட்பாடிக்குப் பக்கத்தில்தான் கரிகிரி. 1955-ல் அங்கே ஷீஃபலின் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. பாதத்தில் உணர்வில்லாதவர்களுக்காக அங்கே செய்த மெத்தென்ற ரப்பர்ச் செருப்பு எங்கள் ஊர்ச் சந்தைக்கு வருபவர்களின் காலில் தெரியும். செருப்பைப் பார்த்ததும் சிலர் ஒதுங்குவார்கள். என் அம்மா ஒதுங்கமாட்டார். அதை நான் இன்றைக்கும் பெருமையாக நினைக்கிறேன்.

பம்பாயில் கானோல்கர் 1951-ல் வெளியிட்ட அறிக்கை, நோயின் ஆரம்பத் திட்டுகளிலேயே தோலின் மெல்லிய நரம்புகளுக்குள் கிருமி இருப்பதைக் காட்டியது. 1955-ல் அதே ஊரின் தாராப் தஸ்தூர், தோலில் எந்த இடத்தில் உணர்வு போயிருக்கிறது, அந்த இடத்து நரம்பு ஸ்லைடில் எப்படி இருக்கிறது என்று இரண்டையும் ஒப்பிட்டு எழுதினார். வேலூரில் அறுவை மருத்துவர் பால் பிராண்ட், நரம்புகள் தடித்து வீங்கும் இடங்கள் எல்லாம் தோலுக்கு அருகில் குளிர்ச்சியாக இருக்கும் இடங்கள் என்று கவனித்தார். முழங்கைக்குச் சற்று மேலே, முழங்காலின் வெளிப்பக்கம், கணுக்கால். வேலூரிலும் கரிகிரியிலும் பணியாற்றிய நோய்க்குறியியலாளர் சி. கே. ஜாப் 1970-களின் தொடக்கத்தில் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஷ்வான் செல்லுக்குள் கிருமிகள் கூட்டமாக இருப்பதையும் உறை குலைவதையும் விரிவாகப் பதிந்தார்.

இந்தக் கிருமியை ஸ்லைடில் பிடிப்பதற்கு ஃபைட், ஃபராக்கோ முறை. நான் முதலில் கைவரப் பெற்ற சிறப்புச் சாயம் இதுதான். காசநோய்க் கிருமிக்குச் செய்வதுபோலச் செய்தால் இது நழுவிவிடும். மெழுகை நீக்கும் சைலீன், கிருமியின் மேலுள்ள மெழுகுப் பூச்சையும் கெடுத்துவிடும். அதனால் சைலீனோடு கடலை எண்ணெயைக் கலந்துகொள்ள வேண்டும். மளிகைக் கடையில் வாங்கும் அதே எண்ணெய்தான். எண்ணெய் அந்தப் பூச்சைக் காக்கும். பிறகு ஆல்கஹாலைத் தொடாமல், ஒத்தியெடுத்து, நேராகச் சிவப்புச் சாயம். இறக்குவதற்குக் கடுமையான அமிலம் கூடாது, மெலிந்த கந்தக அமிலம். கடைசியில் மெத்திலீன் நீலம். நீல நரம்புக்குள் சிவப்புச் சிறு கோல்கள் அடுக்கடுக்காகத் தெரியும். புனேயிலும் கோந்த்வாவில் பந்தோராவாலா தொழுநோய் மருத்துவமனை இருக்கிறது. தொழுநோய் ஒழிந்துவிட்டது என்று படித்தவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். இன்றைக்கும் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேர் அளவில் இந்தியாவில் புதிதாகக் கண்டறியப்படுகிறார்கள்.

கிருமி ஏன் ஷ்வான் செல்லைத் தேடுகிறது என்பதை 1990-களிலிருந்து அனுரா ரம்புக்கனா என்ற ஆய்வாளர் படிப்படியாக அவிழ்த்தார். ஷ்வான் செல்லைச் சுற்றியுள்ள சவ்வில் லாமினின் என்ற புரதத்தின் ஒரு குறிப்பிட்ட வகையைக் கிருமி பிடித்துக்கொள்கிறது என்று 1997-ல் காட்டினார். நோய் எதிர்ப்புச் செல்கள் இல்லாமலே, கிருமி தொட்ட மாத்திரத்திலேயே உறை குலையத் தொடங்கும் என்று 2002-ல் எழுதினார். 2013-ல் அவர் குழு சொன்னது என்னைத் திகைக்க வைத்தது. எலிகளின் முதிர்ந்த ஷ்வான் செல்லைக் கிருமி மெல்ல மெல்லத் தன் அடையாளத்தை இழக்கச் செய்து, கரு காலத்துச் செல்போல ஆக்கி, அதன் மூலம் வேறு திசுக்களுக்குப் பரவுகிறது. கருவில் செல் வளர்ந்து வந்த பாதையைக் கிருமி பின்னோக்கி நடத்துகிறது. வைகர்ட்டும் ஃப்ளெக்சிக்கும் இதைப் படித்திருந்தால் இரவெல்லாம் தூங்கியிருக்க மாட்டார்கள்.

இப்போது பல ஆய்வகங்களில் சாயம் ஏற்றுவதும் இறக்குவதும் இயந்திரம். மயலினின் புரதத்துக்கென்றே எதிர்ப்பொருள் வந்துவிட்டது. பழுப்பு நிறம் ஏறினால் உறை உண்டு, ஏறாவிட்டால் இல்லை. அது நல்லதே. ஒரே மாதிரியான ஸ்லைடு கிடைக்கிறது. ஆனால் நரம்பு பயாப்ஸி வந்தால் ஆஸ்மியத்தில் கறுத்த இழையை ஊசியால் பிரிப்பதற்கு இன்னும் ஒரு கை வேண்டும். அந்த வேலையை இளம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்று காட்டுவேன். பெரிய நரம்பிழையில் கணுவுக்குக் கணு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் இருக்கும். உறை அழிந்து, ஷ்வான் செல்கள் மறுபடி போட்ட இடத்தில் துண்டுகள் குட்டையாகவும் உறை மெலிந்தும் இருக்கும். பக்கத்திலேயே பழைய நீளத் துண்டு தொடரும். 1880-ல் கோம்போ ஈயம் கொடுத்த கினிப் பன்றிகளின் நரம்பில் முதலில் கண்டு எழுதிய காட்சி அது. தொழுநோயில் கை மரத்து ஆறு மாதத்துக்குள் மருத்துவமனைக்கு வந்து பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்தை எடுத்துக்கொண்டவர்களில் பலருக்கு உணர்வும் பலமும் திரும்புகின்றன. இழை அறாமல் உறை மட்டும் கெட்டிருந்த நரம்பில், திரும்பிய அந்த உணர்வு இந்தக் குட்டைத் துண்டுகள் வழியாகத்தான் ஓடுகிறது.